அல்பேனிய வீட்டில் ஒரு கலியாணம்

அன்னை திரேசாவை அறியாதவர்கள் எங்களில் இல்லை. அவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டால் சிலர் இந்தியா என்போம், சிலர் இத்தாலி என்போம். அவர் ஓர் அல்பேனியப் பெண். இன்றைய வட மசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில் 1910ஆம் ஆண்டு ஒகஸ்ட் 26ஆம் திகதி பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயரில் ஒரு பகுதி கோஞ்ஜே. அல்பேனிய மொழியில் பூமொட்டு என்று அர்த்தமாம்.

அந்த அல்பேனிய இனத்தில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி 2023ஆம் ஆண்டு வாழ்க்கைப்பட்டாள். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வசிக்கும் என் தங்கையின் மகள் அவள். மாப்பிள்ளையின் பூர்வீகம் கொசோவோ. கிளிநொச்சியில் தையல் மெசினோடும் மாதர் சங்கத்தோடும் இருக்கும் எனக்கு, அந்தக் கலியாணத்துக்காகப் பேர்ணுக்கும் அங்கிருந்து கொசோவோவுக்கும் போய்வரக் கிடைத்தது. யுத்தத்தில் தன் ஆண்களைப் பறிகொடுத்த ஒரு சமூகம் இன்று கலியாண வீட்டை எப்படி நடத்துகிறது என்பதை அங்கே கண்டேன். அதை எங்கள் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொசோவோ எங்கே இருக்கிறது?

ஐரோப்பாவின் தென்கிழக்கில், மலைகள் சூழ்ந்த சிறிய நாடு கொசோவோ. பரப்பளவு ஏறத்தாழ 10,900 சதுர கிலோமீற்றர். எங்கள் வட மாகாணத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். சனத்தொகை 16 இலட்சம் அளவில். மிகப் பெரும்பான்மையோர் அல்பேனிய மொழி பேசுகிறார்கள். மதத்தால் அநேகர் முஸ்லிம்கள். கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள்.

முன்பு யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தபோது கொசோவோ அதில் சேர்பியாவின் கீழ் சுயாட்சியுடன் இருந்தது. 1989இல் அந்தச் சுயாட்சி பறிக்கப்பட்டது. அதன்பின் அல்பேனிய ஆசிரியர்கள், வைத்தியர்கள், தொழிலாளர்கள் என ஏராளமானோர் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் பல வருடங்களாக வீடுகளின் அறைகளிலும் கராஜ்களிலும் இருந்து தங்கள் தாய்மொழியில் படித்தார்கள். 1998இல் யுத்தம் மூண்டது. 1999 மார்ச் 24 முதல் யூன் 10 வரை நேட்டோ விமானங்கள் குண்டு வீசின. அந்த மாதங்களில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமான அல்பேனியர்கள் அயல்நாடுகளுக்கு விரட்டப்பட்டார்கள். கொல்லப்பட்டோரும் காணாமற்போனோருமாக 13,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. யுத்தம் முடிந்தபின் அங்கு வாழ்ந்த சேர்பியர்களும் ரோமா மக்களும் பழிவாங்கலுக்கு ஆளாகி வெளியேற நேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துயரம் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் சொந்தமானதில்லை என்பது எங்களுக்கும் தெரிந்ததுதானே.

2008 பெப்ரவரி 17இல் கொசோவோ தன்னைச் சுதந்திர நாடாகப் பிரகடனம் செய்தது. பல நாடுகள் ஏற்றுக்கொண்டன. சேர்பியா ஏற்கவில்லை. இலங்கையும் அங்கீகரிக்கவில்லை.

பேர்ணில் சந்தித்த இரண்டு சமூகங்கள்

தமிழ்ப் பெண்ணும் அல்பேனியப் பையனும் எப்படிச் சந்தித்தார்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். சுவிற்சர்லாந்தில் இருப்பவர்களுக்கு அது ஆச்சரியமான விஷயமே இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அங்கே அகதிகளாகப் போனார்கள். இன்று ஐம்பதாயிரம் அளவில் இலங்கைத் தமிழர் அங்கே வாழ்வதாகச் சொல்கிறார்கள். அல்பேனியர்கள் அதற்கு முன்பே, 1960களிலிருந்து, கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் பருவகாலத் தொழிலாளர்களாகப் போனவர்கள். வருடத்தில் சில மாதம் ஊருக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். குடும்பத்தைக் கூட்டிச்செல்ல முடியாது. பிற்காலத்தில்தான் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டார்கள். யுத்தகாலத்தில் அகதிகளாகவும் பல ஆயிரம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். சுவிஸ் தேசிய உதைபந்தாட்ட அணியில் ஆடிப் புகழ்பெற்ற ஷாக்கா, சகீரி ஆகிய இருவரும் கொசோவோ அல்பேனியக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று எங்கள் பொடியன்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு சமூகமும் அங்கே ஏச்சு வாங்கியிருக்கின்றன. எண்பதுகளில் தமிழரைப் பற்றியும், தொண்ணூறுகளில் அல்பேனியரைப் பற்றியும் கூடாத கதைகள் பத்திரிகைகளில் வந்தன. இரண்டு வீட்டுத் தாய்மாரும் ஹோட்டல் குசினிகளிலும் ஆஸ்பத்திரிகளைத் துப்புரவு செய்தும் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தார்கள்.

பேர்ணில் சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் சைவக் கோயில், பள்ளிவாசல், கிறிஸ்தவ தேவாலயம், பௌத்த நிலையம் எல்லாம் இருக்கின்றன. அங்குள்ள எங்கள் கோயிலில் தமிழில் பூசை நடக்கிறது. பெண்களும் பூசை செய்கிறார்கள். பள்ளிவாசலுக்கு வருபவர்களில் அல்பேனியர்கள் பலர். என் பெறாமகளும் மாப்பிள்ளையும் சின்ன வயதில் சனி, ஞாயிறுகளில் இந்த இரண்டு வாசல்களுக்கும் போய்வந்தவர்கள்தான். இவள் இன்று தாதி. அவர் மின்சார வேலை செய்கிறார்.

சம்மதம் இலகுவாக வரவில்லை. எங்கள் பக்கத்தில் அத்தானின் தமக்கை, "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார். அவர்கள் பக்கத்தில் மூத்த மாமன் ஒருவர் பல மாதங்கள் கதைக்கவே இல்லை. இமாமை வைத்து நிக்காஹ் செய்வதென்றால் பெண் மதம் மாற வேண்டும் என்ற கேள்வி வந்தது. கடைசியில் இரண்டு குடும்பமும் ஒரு மேசையில் இருந்து முடிவெடுத்தன. ஒருவரும் மதம் மாறுவதில்லை. நிக்காஹ் இல்லை. அரசாங்கப் பதிவுதான் அடிப்படை. அதற்குப் பிறகு எங்கள் முறைப்படி பேர்ணில் ஒரு கலியாணம், அவர்கள் முறைப்படி கொசோவோவில் ஒரு கலியாணம். சுவிஸ் சட்டப்படி பதிவுத் திருமணம் முடிந்த பிறகுதான் சமயச் சடங்கு செய்யலாம். நல்ல சட்டம் என்று எனக்குப் பட்டது. பதிவில்லாமல் தாலி மட்டும் கட்டி, பிறகு மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கும் காணிக்கும் அலைந்த எத்தனை பெண்களை நாங்கள் வன்னியில் பார்த்திருக்கிறோம்.

ஆனியில் தாலி, ஆடியில் விருந்து

2023 ஆனி மாதத்தில் பேர்ணில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டு நடந்தது. கூறைச் சேலை, மணவறை, நாதஸ்வரம் எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை வேட்டியில் வெட்கத்தோடு நின்றார். அவருடைய தாய் ஒவ்வொரு சடங்கையும் என்ன, ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பால் அறுகு வைக்கவும் ஆராத்தி எடுக்கவும் சுமங்கலிப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நான் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தேன். 2009 ஏப்ரலில் மாத்தளனில் ஷெல் விழுந்து என் கணவர் போன பிறகு, கலியாண வீடுகளில் என் இடம் சமையல்கட்டும் பின்வரிசையும்தான். ஒருவரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு எங்கள் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் மட்டும் அதைக் கவனித்து மருமகளிடம், "உன்ர பெரியம்மா ஏன் முன்னுக்கு வரேல்ல?" என்று கேட்டிருக்கிறார். காரணத்தை அவள் சொன்னாள். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

கொசோவோக் கலியாணம் ஒகஸ்ட் இரண்டாம் கிழமை. அங்கே கலியாணக் காலம் அதுதான். சுவிஸ், ஜேர்மனி போன்ற நாடுகளில் உழைப்பவர்கள் எல்லாரும் லீவில் ஊருக்கு வரும் மாதம். வெளிநாட்டு இலக்கத் தகடுள்ள வாகனங்கள் தெருவெல்லாம் நிறைந்திருக்கும். அப்படி வருபவர்களை ஊரார் பகிடியாக "ஷாட்சி" என்பார்கள். ஜேர்மன் மொழியில் கண்ணே, செல்லமே என்பது மாதிரியான சொல். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பற்றி நாங்கள் பகிடி விடுவதில்லையா, அது போலத்தான்.

"ஆடி மாதத்தில் கலியாணமோ?" என்று என் தங்கைக்கு ஒரே கவலை. தாலி ஆனியிலேயே ஏறிவிட்டது, இது விருந்துதானே என்று அத்தான் சமாதானம் சொன்னார்.

எங்களுக்குப் புரிந்த உறவுமுறை

சூரிச்சிலிருந்து பிரிஷ்டினாவுக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து மேற்கே ஜாக்கோவா என்ற பழைய நகரம். மாப்பிள்ளையின் பரம்பரை வீடு அதற்கு அப்பால், அல்பேனிய எல்லை மலைகள் தெரியும் ஒரு கிராமத்தில். பெண்ணை அவளுடைய வீட்டுக்கு வந்து அழைத்துப்போவது அவர்கள் வழக்கம். எங்களுக்கு அங்கே வீடு ஏது? மாப்பிள்ளையின் மாமி ஒருவர் ஜாக்கோவாவில் இருந்த தன் வீட்டைப் பெண் வீடாக்கித் தந்து, தானும் பெண் வீட்டுக்காரியாகிவிட்டார்.

பாஷைதான் பெரிய கரைச்சல். நான் தமிழில் சொல்ல, பெறாமகள் அதை ஜேர்மன் மொழியில் சொல்ல, மாப்பிள்ளை அல்பேனிய மொழியில் சொல்ல வேண்டும். ஒரு பகிடிக்குச் சிரிப்பு வர இரண்டு நிமிடம் எடுக்கும். ஆனால் உறவுமுறை மட்டும் உடனே விளங்கியது. ஜேர்மன்காரருக்குத் தாயின் சகோதரனும் தகப்பனின் சகோதரனும் ஒரே சொல்தான். அல்பேனியருக்கு அப்படி இல்லை. தாயின் சகோதரன் "டாயா". தகப்பனின் சகோதரன் "மிஜா". தகப்பனின் சகோதரி "ஹலா". தாயின் சகோதரி "தேஸே". எங்கள் மாமா, சித்தப்பா, மாமி, சின்னம்மா மாதிரியே பிரித்துச் சொல்கிறார்கள். சம்பந்திக்கும் ஒரு தனிச் சொல் இருக்கிறது: "குரூஷ்க்". கலியாணத்தன்று பெண்ணை அழைத்துப்போக வரும் கூட்டத்துக்கும் அதே பெயர்தான்.

சீதனம் பற்றியும் கேட்டேன். பெண் தன் கையால் பின்னிய துணிகள், படுக்கை விரிப்புகள் என்று கொண்டுபோவது பழைய வழக்கம். காணி, காசு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பதில்லை. மணப்பெண்ணுக்கு உடுப்பும் தங்கமும் மாப்பிள்ளை வீட்டார்தான் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். விருந்துச் செலவும் அவர்களுடையது. அதற்காகக் கடன்படுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு நான் ஊரிலிருந்து கொண்டுபோன பனையோலைப் பெட்டிகளைக் கொடுத்தேன். எங்கள் சங்கத்துப் பெண்கள் இழைத்தவை. அவற்றில்தான் விருந்தாளிகளுக்குப் பக்லாவா என்ற இனிப்பை வைத்துக் கொடுத்தார்கள்.

தணலில் நாலு மணித்தியாலம்

கலியாணத்துக்கு முதல் நாள் காலை வீட்டு முற்றத்தில் பெண்கள் ஃபிளியா சுட்டார்கள். எங்கள் பெண்களுக்கு இதை விபரமாகச் சொல்ல ஆசை. கோதுமை மா, தண்ணீர், உப்பு. தோசை மாப் பதத்தில் கரைக்கிறார்கள். பெரிய வட்டத் தட்டில் சூரியக் கதிர் மாதிரி கோடு கோடாக ஊற்றுகிறார்கள். "சாச்" என்ற இரும்பு மூடியைத் தணலில் சூடாக்கித் தட்டின் மேல் கவிழ்க்கிறார்கள். மேல் சூட்டில் அந்தப் படை வெந்ததும் மூடியை எடுத்து, பாலாடையும் வெண்ணெயும் கலந்து பூசி, இடைவெளிகளில் அடுத்த படை. இப்படியே படைக்கு மேல் படை. முடிய மூன்று, நாலு மணித்தியாலம் ஆகும். எங்கள் சிரட்டைத் தணலை நினைத்துக்கொண்டேன்.

அந்த நாலு மணித்தியாலமும் பெண்கள் கதைக்கிறார்கள். சமையலைவிட அந்தக் கதைதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் மாப்பிள்ளையின் பெரியம்மாவோடு கதைக்கக் கிடைத்தது. மாப்பிள்ளையின் தகப்பனுக்கு மூத்த தமையனின் மனைவி அவர். பரம்பரை வீட்டைக் காத்துக்கொண்டு இருப்பவர் அவர்தான். வயது 68.

1999 ஏப்ரல் 27ஆம் திகதி அந்தப் பக்கத்துக் கிராமங்களைச் சனங்கள் விட்டு வெளியேறும்படி விரட்டியிருக்கிறார்கள். டிராக்டர்களில் சனம் வரிசையாகப் போனபோது மேயா என்ற இடத்தில் மறித்து, ஆண்களையும் பொடியன்களையும் இறக்கி எடுத்திருக்கிறார்கள். அன்று அப்பகுதியில் கொல்லப்பட்டவர்கள் 370க்கும் அதிகம். பலருடைய உடல்கள் 2001இல் சேர்பியத் தலைநகருக்கு அருகே பட்டாய்னிட்சா என்ற இடத்தில் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்டன. பெரியம்மாவின் கணவரும் 19 வயது மகனும் அந்த வரிசையிலிருந்து இறக்கப்பட்டவர்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு கணவரின் உடல் மரபணுப் பரிசோதனையில் அடையாளம் காணப்பட்டு வந்தது. மகன் இன்னும் வரவில்லை. கொசோவோவில் இன்றைக்கும் ஏறத்தாழ 1,600 பேர் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஏப்ரல் 27 அங்கே காணாமற்போனோருக்கான தேசிய நாள்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் எங்கள் தாய்மார் தெருவோரம் கொட்டகை போட்டு இருந்த கதையை நான் சொன்னேன். மொழிபெயர்த்த பெறாமகளின் குரல் நடுவில் தடைப்பட்டது. பெரியம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்கட தாய்மார் யாற்ற பேரைச் சொல்லிக் கூப்பிடீனம்?" என்று கேட்டார். தெரிந்த சில பெயர்களைச் சொன்னேன். அவர் தன் மகனின் பெயரைச் சொன்னார்.

மருதாணி இரவு

அன்று இரவு கானா. மருதாணிக்கு அவர்கள் சொல்லும் பெயர். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மருதாணிக் கிண்ணத்தைத் தட்டில் வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, "டெஃப்" என்ற கைப்பறையை அடித்துப் பாடிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறார்கள். மணப்பெண்ணைச் சிவப்பு முக்காடு போட்டு நடுவில் இருத்துகிறார்கள். தாய்வீட்டைப் பிரியும் பாட்டுகள். பாஷை தெரியாத எனக்கே கண் கலங்கியது.

மருதாணி வைக்கத் தொடங்கும் நேரம் நான் வழக்கம்போல ஒதுங்கிச் சுவர் ஓரமாய் நின்றேன். மாப்பிள்ளையின் தாய் தன் ஓரகத்தியான பெரியம்மாவின் காதில் ஏதோ சொன்னார். பெரியம்மா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். சொன்னதை மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி ஜேர்மனில் சொல்ல, பெறாமகள் தமிழில் சொன்னாள்:

"அந்த வழக்கம் எங்கட ஊரிலயும் இருந்தது. தாய் தகப்பன் இருக்கிற பிள்ளையோ, புருஷன் இருக்கிற மனிசியோ எண்டு பார்த்துத்தான் இப்பிடியான வேலைக்கு ஆளைக் கூப்பிடுவினம். 1999க்குப் பிறகு அப்பிடிப் பார்த்திருந்தால் எங்கட தெருவில கலியாணத்துக்கு மாக் குழைக்கவும் ஆள் இருந்திருக்காது."

கிண்ணம் என் கைக்கு வந்துவிட்டது. அத்தானின் தமக்கை முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். என் தங்கை என்னையே பார்த்தாள். நான் பெறாமகளைப் பார்த்து, "உனக்கு மனதில ஒண்டும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"நீங்கள் வைக்காட்டி நான் கையை நீட்டமாட்டன், பெரியம்மா" என்றாள்.

வைத்தேன். உள்ளங்கையில் மருதாணி, அதன் நடுவில் ஒரு நாணயம், பிறகு துணியால் கட்டினேன். எனக்குப் பின் பெரியம்மா மற்றக் கைக்கு வைத்தார். அதன் பிறகுதான் புருஷன் உள்ள பெண்களின் முறை வந்தது. டெஃப் அடித்தது பெரியம்மாதான். கணவரின் உடல் வந்து அடக்கம் செய்யும்வரை ஆறு வருடம் அந்த வீட்டில் பாட்டோ பறையோ இல்லை என்று மாப்பிள்ளையின் தாய் பிறகு சொன்னார்.

அத்தானின் தமக்கை அன்று என்னோடு கதைக்கவில்லை. அந்த விஷயத்தைப் பற்றி இன்றுவரை கதைத்ததும் இல்லை. எல்லாருடைய மனமும் ஓர் இரவில் மாறிவிடும் என்று நான் எழுத மாட்டேன்.

வாசலில் தேன்

மறுநாள் மேளமும் ஸுர்லா என்ற நாதஸ்வரம் போன்ற குழலுமாகச் சம்பந்திக் கூட்டம் வந்தது. முன்வாகனத்தில் இரட்டைத் தலைக் கழுகு போட்ட சிவப்புக் கொடி. ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. பேர்ணுக்கு வராமலிருந்த மூத்த மாமனும் அந்தக் கூட்டத்தில் வந்திருந்தார். அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

புதுப்பெண்ணை அங்கே "நூஸே" என்கிறார்கள். வீட்டு வாசலில் அவளை வரவேற்பது மாமியாரின் உரிமை. ஆனால் மாப்பிள்ளையின் தாய் அந்த இடத்தைத் தன் ஓரகத்திக்குக் கொடுத்தார். "இந்த வீட்டைக் காத்தது அவ" என்பதுதான் அவர் சொன்ன காரணம். வாசலில் நின்ற பெரியம்மாவின் கையில் தேன் கிண்ணம். மணப்பெண் விரலைத் தேனில் தோய்த்து நிலையின் மேல் பூசினாள். வீட்டில் பேச்சு இனிப்பாக இருக்கட்டும் என்பதற்காம். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். எங்கள் வீட்டுக்கு வரும் மருமகளும் வலது காலைத்தானே வைக்கிறாள்.

உள்ளே அவளை இருத்தி, மடியில் ஓர் ஆண் குழந்தையை வைத்தார்கள். முதல் பிள்ளை ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற நம்பிக்கை. பெறாமகள் சிரித்துக்கொண்டு, ஒரு பெண் பிள்ளையையும் தரும்படி கேட்டாள். கிழவிகள் ஆளையாள் பார்த்தார்கள். பெரியம்மாவே போய்ப் பக்கத்து வீட்டுச் சிறுமியைத் தூக்கிவந்து மற்ற மடியில் வைத்தார். விருந்தாளிகள் இருக்கும் அறையில் கணவரின் படமும் மகனின் படமும் மாட்டியிருந்தன. பெறாமகள் எழுந்து போய் இரண்டு படத்துக்கும் முன்னால் நின்று கைகூப்பிக் கும்பிட்டாள். அவர்கள் வழக்கத்தில் அது இல்லை. யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இரவு "வாலே" ஆட்டம். கைகோத்து நீளமாகச் சங்கிலி மாதிரி ஆடுவார்கள். முன்னால் போகிறவர் கைலேஞ்சியைச் சுழற்றுவார். என் தங்கையும் நானும் சேலையோடு அந்தச் சங்கிலியில் சேர்ந்துகொண்டோம்.

மிளகாய் போத்தலும் சாரதிப் பத்திரமும்

கொசோவோவில் விதவைகளுக்கு எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் கணவன் போனால் பிள்ளைகள் கணவன் வீட்டாருக்கே உரியவர்கள் என்ற வழக்கு இருந்தது. மறுமணம் செய்தால் பிள்ளையை விட்டுப்போக வேண்டும் என்று பயந்து இருந்தவர்கள் பலர். சட்டம் பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு கொடுத்தாலும் பங்கு கேட்பவள் குறைவு.

ஜாக்கோவாவிலிருந்து பிரிஸ்ரனுக்குப் போகும் பக்கம் குரூஷா ஏ மாதே என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1999 மார்ச் மாதக் கடைசியில் அங்கே 240 அளவில் கொல்லப்பட்டும் காணாமலும் போனார்கள். பெரும்பாலும் ஆண்கள். அங்கு ஃபாரியே ஹோத்தி என்ற பெண், கணவர் காணாமற்போக, இரண்டு பிள்ளைகளோடு தனித்தார். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்துச் செய்யும் "அய்வார்" என்ற சம்பல் போன்ற பண்டத்தைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார். சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்து வாகனம் ஓட்டியபோது ஊரார் கண்டபடி கதைத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மற்ற விதவைகளையும் சேர்த்துக்கொண்டு கூட்டுறவாக நடத்தினார். அவருடைய கதையை "ஸ்ஜோய்", அதாவது தேன்கூடு, என்ற பெயரில் ப்ளேர்ட்டா பஷோலி என்ற பெண் இயக்குநர் படமாக எடுத்தார். 2021இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அது மூன்று விருதுகளைப் பெற்றது. கலியாண மேசையிலும் அய்வார் இருந்தது. மிளகாய்த்தூள் சேர்த்தால் எங்கள் ஆட்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

எங்கள் மணவறைகளில்

வடக்கு, கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010இல் அரசாங்கத் தரப்பிலேயே சொல்லப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் தங்களை விதவை என்று சொல்வதா, இல்லையா என்று தெரியாமல் வருடக்கணக்காகப் பொட்டு வைப்பதற்கும் வைக்காமல் விடுவதற்கும் நடுவில் நிற்கிறார்கள். நாங்கள்தான் கச்சான் விற்று, மாடு வளர்த்து, தைத்து, வயலில் நின்று பிள்ளைகளை ஆளாக்கினோம். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் என்று வரும்போது நடப்பது என்ன? தாரை வார்த்துக் கொடுக்க, புருஷன் பெண்சாதியாக இருக்கிற ஒரு மாமனையும் மாமியையும் தேடிப் பிடித்து மணவறையில் இருத்துகிறோம். வளர்த்த தாய் குசினி வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறாள்.

சகோதரிகளே, இதற்குச் சட்டம் மாறத் தேவையில்லை. திட்டம், நிதி எதுவும் வரத் தேவையில்லை. ஒரு கிண்ணத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினால் போதும். அதை யார் செய்ய வேண்டும் என்பதையும் நான் கொசோவோவில்தான் கண்டேன். பெரியம்மா தானாக வந்து வாசலில் நிற்கவில்லை. கணவன் உயிரோடு இருக்கிற அவருடைய ஓரகத்திதான் தன் உரிமையை அவருக்குக் கொடுத்தார். எங்கள் ஊரிலும் சுமங்கலிகளாக இருக்கிற தங்கைமாரும் மச்சாள்மாரும்தான் முதலில் கையை நீட்ட வேண்டும். ஒதுங்கி நிற்பவளுக்குத் தானாக முன்னுக்கு வர எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்த பிறகு எங்கள் மாதர் சங்கத்தில் இதைச் சொன்னேன். வாக்குவாதம் பலமாகத்தான் நடந்தது. "எங்களுக்குப் பரவாயில்லை, பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?" என்று கேட்டவர்களும் கணவனை இழந்தவர்களே. அந்தப் பயத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் 2024 தை மாதத்தில் எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது, ஐயரோடு முன்கூட்டியே கதைத்தோம். அவர் தயங்கினார். பிறகு சரி என்றார். தாயே மணவறையில் நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தாள். ஆராத்தித் தட்டைப் பிடித்த இருவரில் ஒருத்தி நான். மற்றவள் மணப்பெண்ணின் சின்னம்மா, புருஷனோடு வாழ்பவள். அவள்தான் என்னைக் கையில் பிடித்து அழைத்துவந்தாள்.

உங்கள் தெருவில் அடுத்த கலியாணம் யார் வீட்டில்? அந்த வீட்டில் பின்வரிசையில் யார் நிற்பார் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். பந்தல் போடுவதற்கு முன்பே போய்ச் சொல்லிவையுங்கள்.